என் வீட்டுக்கு வந்த சவரக்கத்தி

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த தோழர் போன வாரம் போனில் தலைப்பு கேட்டார். "சவரக்கத்தி வாங்கின கதை" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "அண்ணா, போஸ்டர்ல 'சாதியும் உழைப்பும்'னு போட்டுக்கட்டுமா?" என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். போஸ்டர் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் நான் பேசப்போவது 450 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பழைய கத்தியைப் பற்றித்தான்.

நான் ஈரோடு மாவட்டத்துக்காரன். அரசுப் பட்டியலில் மருத்துவர், நாவிதர் என்று எழுதியிருக்கும் சாதியில் பிறந்தவன். ஊரில் எங்களுக்கு வேறு பெயர்கள். அம்பட்டன், நாசுவன், பரியாரி. கொஞ்சம் மரியாதை வேண்டுமென்றால் பண்டிதர். கொங்குப் பகுதியில் இன்னொரு பெயரும் உண்டு, குடிமகன். ஆறாம் வகுப்பில் குடிமையியல் பாடம் நடத்திய ஆசிரியர் "நாம் அனைவரும் இந்தியக் குடிமக்கள்" என்று வாசித்தார். பின் பெஞ்சுப் பையன்கள் மொத்தப் பேரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆசிரியருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். குடியரசு நாட்டில் குடிமகன் என்று சொன்னால் அவமானப்பட்ட ஒரே பையன் அந்த வகுப்பில் நான்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு ஜோடியாக இன்னொரு சொல்லும் உண்டு. ஊருக்கு ஊழியம் செய்கிறவர்களுக்கு அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியப் பங்குக்குப் பழைய ஆவணங்களில் சுதந்திரம் என்று பெயர். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து முதன்முதலாக அந்தச் சொல்லைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. குடிமகனுக்குச் சுதந்திரம் என்றால் எங்கள் வீட்டில் அது இரண்டு வள்ளம் கம்பு.

அப்பாருக்குக் கடை கிடையாது. அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்பாரு என்றுதான் சொல்வோம். அவரிடம் இருந்தது ஒரு அடப்பம். தோல் பை. அதற்குள் இரண்டு மடக்குக் கத்தி, ஒரு கத்தரி, நகம் வெட்டும் உளி, பித்தளைக் கிண்ணி, படிகாரக் கட்டி, சாணைக்கல். அதிகாலையில் அடப்பத்தைத் தூக்கிக்கொண்டு பண்ணையம் உள்ள வீடுகளுக்குப் போவார். திண்ணைக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்வார். அப்பத்தா அந்த வீடுகளில் பிரசவம் பார்ப்பார். ராத்திரி அந்த வீடுகளிலிருந்தே சோறு வரும். கவுண்டர் வீட்டுக் கல்யாணம் என்றால் மங்கல வாழ்த்துப் பாட எங்கள் ஆள் வேண்டும். மணமக்களை நிற்கவைத்து, அவர்கள் வாழ வேண்டும் என்று பாட ஒரு நாவிதர் வாய் வேண்டும். பாடி முடித்த வாய்க்குச் சாப்பாடு கடைசிப் பந்திக்கும் பிறகு. பேரன் வயதுப் பையன்கள் அப்பாருவை "வாடா, போடா" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அவர்களைச் "சாமி" என்பார்.

அப்பா இதிலிருந்து தப்பித்தவர். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20 விழுக்காடு தனியாக ஒதுக்கினார்களே, அதற்கு அடுத்த வருடம் அவருக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. இட ஒதுக்கீடு என்ன செய்தது என்று விவாதம் நடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, அது என் அப்பாவுக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்தது என்பதுதான். மற்றவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கப் பிறந்தவர் தானே நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாரு செத்தபோது எனக்கு ஒன்பது வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அப்பா அடப்பத்தை எடுத்துக்கொண்டு போய்க் காலிங்கராயன் வாய்க்காலில் வீசிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தொழிலைப் பற்றிப் பேசியதில்லை. அப்பா சவரம் செய்துகொள்வதைக்கூட நான் பார்த்ததில்லை. காலை நாலரை மணிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டோபாஸ் பிளேடு போட்ட ரேசரால் வழித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். அவருக்குச் சவரம் என்பது மறைத்துச் செய்ய வேண்டிய காரியம்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் முப்பத்தொரு வயதில் ஏன் சவரக்கத்தி வாங்கினான்?

உண்மையைச் சொன்னால் முதல் காரணம் எரிச்சல். விடுதியில் என் பக்கத்து அறைக்காரர் ஒருவர், நல்ல வசதி, இணையத்தில் மடக்குக் கத்தி வாங்கியிருந்தார். சோலிங்கன் என்ற ஜெர்மானிய ஊரில் செய்தது. விலை பத்தாயிரத்துக்கும் மேல். கூடவே தோல் வார், நுரைக்கப் பிரஷ், மரக் கிண்ணம். தாத்தா காலத்துக் கலை, உண்மையான ஆண்மை, பொறுமை, தியானம் என்றெல்லாம் காணொளிகளில் பார்த்ததை எங்களுக்கு விளக்குவார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். யாருடைய தாத்தா காலத்துக் கலை? அவருடைய தாத்தா கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்தியைப் பிடித்தது என் தாத்தா. ஒரு வேலை சாதியோடு ஒட்டியிருக்கும்வரை இழிவு. அதே வேலை பொழுதுபோக்காக மாறினால் கலை. இது தோலுக்கும் நடந்திருக்கிறது, பறைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

எரிச்சலில்தான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய சாமான் விற்கும் பகுதியில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் கேமராக்களுக்கும் நடுவில் நான்கு கத்திகள் கிடந்தன. கடைக்காரர் 800 சொன்னார். உதவித்தொகை வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பேசிப் பேசி 450-க்கு முடித்தேன். அலகின் அடிப்பக்கத்தில் சோலிங்கன் என்று பொறித்திருந்தது. கைப்பிடியில் ஒரு பக்கம் விரிசல். அலகில் துருப் புள்ளிகள். ஆனால் விரித்துப் பிடித்தபோது எடையே தெரியவில்லை. முதுகு தடிமன், நடுவில் இரண்டு பக்கமும் குழிந்து, வாய்ப் பக்கம் காகிதம்போல மெலிந்திருந்தது. நான் தொட்டது அதுவரை யாரும் எனக்குத் தொடக் கொடுக்காத ஒரு பொருளை. சந்தையில் நின்று அழுதேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரு கரும்புச் சாறு குடித்தேன்.

கத்தியைத் தீட்டத் தெரியாதே! ஊரில் இன்னும் சலூன் வைத்திருக்கும் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கண்ணாடிச் சில்லின்மேல் படுக்கவைத்து அலகு கோணியிருக்கிறதா என்று பார்த்தார். நகத்தின்மேல் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நாங்க வேண்டாம்னு தூக்கிப் போட்டத நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கியா சாமி?"

அவர்கள் தூக்கிப் போட்டதும் உண்மைதான். எய்ட்ஸ் பிரச்சாரம் வந்த தொண்ணூறுகளுக்குப் பிறகு வாடிக்கையாளர்கள் புது பிளேடு கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது சலூன்களில் நீங்கள் பார்ப்பது கத்தியே இல்லை, கத்தி வடிவத்தில் ஒரு பிடி. பிளேடைப் பாதியாக ஒடித்து அதில் சொருகி, ஒரு முகத்துக்குப் பின் எறிந்துவிடுவார்கள். தீட்டும் வித்தை எங்கள் ஆட்களிலேயே வயதானவர்கள் கையோடு போகிறது.

பெரியப்பா அன்று சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன், பாடப்புத்தகத்தில் கிடைக்காது. கல்லில் தண்ணீர் விட்டு, கத்தியின் முதுகும் வாயும் ஒன்றாகப் படியும்படி வைக்க வேண்டும். முதுகைத் தூக்கினால் போச்சு. கல்லில் வாய் முன்னால் போகும். வாரில் முதுகு முன்னால் போகும். திருப்பும்போது எப்போதும் முதுகின்மேல் உருட்டித் திருப்ப வேண்டும். "வாய் வழியாத் திருப்புனா வாரும் போச்சு, கத்தியும் போச்சு." பாதி மதியம் கல்லில் தேய்த்தார். கடைசியில் தன் முன்கை மயிரில் வைத்துப் பார்த்தார். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. "இத்தன வருசம் ஆச்சு, கை மறக்கல பாரு" என்று என்னிடம் சொல்லவில்லை, கத்தியிடம் சொன்னார்.

விடுதிக்கு வந்து முதல் சவரம். கன்னத்தை இடது கையால் இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, மயிர் படிந்த போக்கிலேயே இறக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆனது. தாடைக்குக் கீழே மூன்று வெட்டு. படிகாரம் வைத்தபோது உயிர் போனது. அப்பாரு ஒரு முகத்தை ஐந்து நிமிடத்தில் முடிப்பார், அடுத்தவர் முகத்தை, அதுவும் பேசிக்கொண்டே இருப்பவர் முகத்தை, ஒரு கீறல் இல்லாமல். "போய்ச் சிரைக்கற வேலையப் பாரு" என்று நாம் சொல்கிறோமே, அது எவ்வளவு கடினமான வேலை என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. தோழர்களே, இந்த அறையில் இருக்கும் முற்போக்காளர்கள்கூடக் கோபம் வந்தால் "நீ என்ன சிரைச்ச?" என்று கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். முகநூலில் தினமும் படிக்கிறேன். போன மாதம் ஒரு நல்ல பெரியாரியத் தோழர் எழுதியிருந்தார். கீழே நானும் விருப்பக்குறி போட்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பழக்கம் அப்படி.

முடிவெட்டிக்கொண்டு வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "எதையும் தொடாத, மொதல்ல போய்க் குளி." முடி ஒட்டும், சுத்தம் என்று காரணம் சொல்வோம். சரி. ஏ.சி. போட்ட பெரிய சலூனில் 600 ரூபாய் கொடுத்து வெட்டிக்கொண்டு வருகிறவரை யாராவது வாசலிலேயே நிறுத்துகிறார்களா? நேராகச் சினிமாவுக்குப் போகிறார். வாசலில் நிறுத்தியது முடியை இல்லை, தொட்ட கையை. ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1901-ல் கம்பெனி தொடங்கி, 1903-ல் விற்றது வெறும் 51 ரேசரும் 168 பிளேடும். முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு படைவீரர்களுக்கு அதை வாங்கிக் கொடுத்த பிறகுதான் வீட்டிலேயே சவரம் செய்துகொள்வது உலகம் முழுக்கப் பழக்கமானது. அங்கே அது நேரத்தை மிச்சப்படுத்தியது. இங்கே கூடுதலாக இன்னொன்றையும் செய்தது. தீட்டுப்படாமல் சவரம் செய்துகொள்ள வழி கிடைத்தது.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டால் என் சாதி பாவப்பட்ட சாதி என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. கத்தி வாங்கிய உற்சாகத்தில் இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுத ஆரம்பித்து, என் அறைத் தோழனிடம் படித்துக் காட்டினேன். அவன் அருந்ததியர். எங்கள் பக்கத்து வட்டம்தான். முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னான்.

"உங்க தாத்தா வார்ல தீட்டுனாருன்னு எழுதியிருக்கியே, அந்த வார் யாரு குடுத்தது?"

அப்பாருவின் வார் மாதாரி வளவிலிருந்து வந்தது. அவர்களைத் தவிர ஊரில் வேறு யார் தோல் பதம் போட்டார்கள்? கவலைச் சாலுக்குத் தோல் தைத்தது, செருப்புத் தைத்தது, வார் அறுத்தது எல்லாம் அவர்கள்தான்.

"எங்க தாத்தா பதம் போட்ட தோல உங்க தாத்தா நாளெல்லாம் தடவுவாரு. எங்க தாத்தா மூஞ்சிய மட்டும் தொடமாட்டாரு. அதையும் எழுது."

அவனுக்குப் பதினாறு வயதுவரை முடிவெட்டிவிட்டது அவனுடைய அப்பா. வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, வீட்டுக் கத்தரியால். பிறகு முதல் முறையாக 11 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, தன்னை யாருக்கும் தெரியாத டவுன் சலூனில் போய் உட்கார்ந்தான். துண்டைப் போர்த்திவிட்டு அந்தக் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரு தம்பி?" அடுத்தது, "ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" அவன் பொய் சொன்னான். கத்தரி ஓடிய இருபது நிமிடமும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்களோ என்று. கேள்வி கேட்ட அந்தக் கடைக்காரர் என் சாதிக்காரராகத்தான் இருந்திருப்பார்.

அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற நினைவுக் குறிப்பில் சதாராவில் கழிந்த தன் சிறுவயதைச் சொல்கிறார். வீட்டில் பிள்ளைகளுக்கு முடிவெட்டியது அவருடைய அக்கா. வெட்டி வெட்டியே அதில் தேர்ந்துவிட்டார். சதாராவில் நாவிதர் இல்லாமல் இல்லை, கொடுக்கக் காசு இல்லாமலும் இல்லை. தீண்டப்படாதவருக்குச் சவரம் செய்ய எந்த நாவிதரும் சம்மதிக்கவில்லை. இதை நான் இளங்கலைப் படிக்கும்போதே படித்திருக்கிறேன். மேடையிலும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் நான் அம்பேத்கர் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன். அந்த வரியில் வரும் நாவிதர் பக்கம் நின்று ஒருநாளும் அதைப் படித்ததில்லை. வீட்டிலேயே சவரம் என்பது என் பக்கத்து அறைக்காரருக்குப் பொழுதுபோக்கு, என் அப்பாவுக்கு மறைவு, என் தோழனுக்கு வேறு வழியில்லாமை. அந்த வழியை அடைத்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர்.

அவர் பயந்துபோய்த்தான் மறுத்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னது இது. எழுபதுகளில் ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்த மாதாரி வளவுப் பையன் ஒருவர், அப்பாரு புளியமரத்தடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தார். கையில் பணம் வைத்திருந்தார். அப்பாரு ஒரு வார்த்தை பேசவில்லை. கிண்ணித் தண்ணீரைக் கீழே ஊற்றினார், அடப்பத்தைச் சுருட்டினார், எழுந்து வந்துவிட்டார். அதோடு முடிந்திருந்தால் பயம் என்று சொல்லலாம். அன்று மாலை பண்ணையத்தில் போய் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் சிரித்து, அரைப்படி நெல் கூடுதலாகப் போட்டார்களாம்.

படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதற்கு நாம் எத்தனை விளக்கம் எழுதுகிறோம்! எனக்கு அது அரைப்படி நெல்.

சட்டம் இருக்கிறது. 1955-ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் தீண்டாமை காரணமாகச் சேவை மறுப்பது குற்றம், தூண்டுவதும் குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் கொண்டுவந்த திருத்தம், வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பதையும் மீசையை மழிப்பதையும் பெயர் சொல்லியே குற்றமாக்கியது. மீசை வைத்ததற்காகக் குஜராத்தில் தலித் இளைஞர்கள் 2017-ல் தாக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். முகத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதையும் சாதிதான் தீர்மானிக்கிறது, அதற்கான கருவி பெரும்பாலும் எங்கள் கையில் இருந்தது. சலூனில் முடிவெட்ட மறுத்ததாக வழக்கு என்ற செய்தி இன்றும் வருகிறது. கைதாகிறவர் யார் என்று பாருங்கள். தினக்கூலிபோலச் சம்பாதிக்கும் கடைக்காரர். "அவனுகள உள்ள விட்டீன்னா நாங்க வரமாட்டோம்" என்று சொன்ன ஆதிக்கசாதிக்காரர் சாட்சியாகக்கூட வருவதில்லை. கடைக்காரரை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்மேல் வழக்குப் போட வேண்டும். தூண்டியவர் மேலும் போட வேண்டும், அந்தப் பிரிவு சட்டத்திலேயே இருக்கிறது. மறுக்கிறவர் கை நடுங்குகிறதா, அல்லது அவருக்கும் அதில் ஒரு சுகம் இருக்கிறதா என்று கேட்கும் வேலை மட்டும் எங்கள் சாதியில் பிறந்தவர்களுடையது. அதை வேறு யாரும் எங்களுக்காகச் செய்ய முடியாது.

மறுப்பதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1890-ல் பம்பாயில் நாவிதர்கள் கூடி, விதவைகளின் தலையை இனி மழிக்கமாட்டோம் என்று தீர்மானித்தார்கள். அவர்களைத் திரட்டியவர் ஜோதிராவ் புலேவின் தோழர் நாராயண் மேகாஜி லோகாண்டே, மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் கண்டவர். பார்ப்பனர் வீட்டுச் சடங்கு ஒரு நாவிதர் கை இல்லாமல் நடக்காது. அந்தக் கையை மடக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கும் கூலி போயிருக்கும். மறுக்கத் தெரியாத சாதி இல்லை எங்களுடையது. யாருக்கு மறுத்தோம் என்பதில்தான் தலைகுனிவு இருக்கிறது.

இதையெல்லாம் யோசித்து, மிகவும் உணர்ச்சிவசப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தோழனிடம் சொன்னேன். "உக்காரு, நான் உனக்குச் சவரம் பண்ணி விடறேன்." என் மனதில் ஒரு படமே ஓடிக்கொண்டிருந்தது. அப்பாரு சுருட்டிய அடப்பத்தை நான் விரிக்கிறேன் என்று.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எம் மூஞ்சி என்ன உனக்குப் பரிகாரத் தலமா?" என்றான்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் விடவில்லை. "உங்க தாத்தா சேத்து வெச்ச பாவத்தக் கழுவறதுக்கு இங்க ரூமுக்குள்ள, கதவச் சாத்திக்கிட்டு, எங் கன்னம் எதுக்கு? கத்தியே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது உனக்கு. உங்க பெரியப்பா கடையில எங்க ஆளுங்க உக்காருவாங்களா? அதக் கேட்டுட்டு வா."

அந்தக் கேள்வியை நான் பெரியப்பாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஐந்து வருடமாகச் சாதியைப் பற்றி ஆய்வு செய்கிறேன், கள ஆய்வுக்காக நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் போயிருக்கிறேன். என் ஊர் அதில் இல்லை.

மூன்று மாதம் பயன்படுத்தியதில் கத்தியின் வாய் மழுங்கியிருந்தது. தீட்டும் சாக்கில் ஊருக்குப் போனேன். பெரியப்பா கல்லை நனைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"பெரியப்பா, மாதாரி வளவுலருந்து கடைக்கு யாராச்சும் வர்றாங்களா?"

"அவங்க டவுன்ல வெட்டிக்கறாங்க. இங்க யாரும் வர்றதில்ல."

"வந்தா?"

கல்லில் கத்தி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னார். "கட்டடம் கவுண்டரோடது. மாசம் 1,500 வாடகை. எனக்கு அறுபத்தெட்டு ஆச்சு. வேற எங்க போய்க் கட போடறது?"

நான் சட்டம் பேசினேன். அவர், "சட்டம் வந்து ஷட்டரத் தெறந்து விடுமா?" என்றார். நான் 1890 பம்பாயைச் சொன்னேன். "அவங்க ஐநூறு பேரு. நான் ஒருத்தன்" என்றார். நான் அப்பாருவைச் சொன்னேன், அந்த அரைப்படி நெல்லைச் சொன்னேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "அத உனக்குச் சொன்னதே நாந்தான்டா" என்றார். அது உண்மை. மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். ரகசியம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன்ற சேக்காளியக் கூட்டிட்டு வா. நல்லா வெட்டி விடறேன். செவ்வாக்கெழம வாங்க" என்றார்.

நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விளக்கம். நம் ஊர்ப்பக்கம் சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது.

பேருந்தில் திரும்பும்போது, ஒரு அறுபத்தெட்டு வயதுக்காரர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று ஒரு பக்கம் நெஞ்சு நெகிழ்ந்தது. மறு பக்கம், இரண்டு டம்ளர் முறையைத்தானே கிழமையாக மாற்றித் தந்திருக்கிறார் என்று கொதித்தது. இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டுமே இருந்தது. தோழனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"லீவு நாள்ல வந்துட்டுப் போக நான் என்ன திருடனா? ஞாயித்துக்கெழம காலைல, கூட்டம் இருக்கறப்ப வர்றேன்னு சொல்லு. வரிசையில உக்காந்துக்கறேன். எந்த ஊருன்னு கேட்டா இந்தத் தடவ உண்மையச் சொல்லுவேன்."

அதைப் பெரியப்பாவிடம் போனில் அப்படியே சொன்னேன். "ம்" என்றார். வாடகைக் கட்டடத்தை விட்டுப் பேருந்து நிறுத்தத்துப் பக்கம் ஒரு கடை காலியாக இருப்பதாகவும், 40,000 முன்பணம் கேட்பதாகவும் தானாகவே சொன்னார். அதை எதற்குச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அப்பாவிடம் இந்த முழுக் கதையையும் சொல்லிப் பணம் கேட்டிருக்கிறேன். நாவிதர் கடைக்கு முன்பணமா என்று அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். அம்மாதான் இப்போது நடுவில் பேசிக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பாவைக் கூப்பிட்டேன். பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "கடையில கூட்டம் சாமி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். கத்தியை இன்னும் திருப்பித் தரவில்லை. அது அவரிடம்தான் இருக்கிறது. நான் இப்போதைக்குப் பத்து ரூபாய் ரேசரில் வழித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் தாடையில் இந்தக் கொப்புளங்கள். வந்ததிலிருந்து முன்வரிசைத் தோழர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.